அத்தியாயம் 6: நெதர்லாந்து நோட்டாரிஸ், மேல்கோட்டை வீடு

கல்யாணிக் குளத்துக்குப் போகும் வழியில் தாத்தா வீடு. நீங்கள் இருப்பதோ ஐந்தோவனில், இல்லாவிட்டால் ஆம்ஸ்டெல்வேனில். வீட்டை விற்பது என்று குடும்பத்தில் பேசி முடித்தாகிவிட்டது, அல்லது உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள். நேரில் வர லீவு இல்லை. ஊரிலிருந்து சித்தப்பா போனில் சொல்கிறார்: "அங்கேயே ஒரு நோட்டரிகிட்ட சீல் வாங்கி அனுப்பிடேன், போறாதோ?"

போதாது. என்ன எழுதி, யார் முன்னால் கையெழுத்திட்டு, எத்தனை நாளுக்குள் எங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்க்கப் போகிறோம். சட்ட விளக்கம் ஒரு பக்கத்துக்குமேல் போகாது. ஆனால் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். பெரும்பாலான குளறுபடிகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இங்கே நோட்டரி, அங்கே நோட்டாரிஸ்

நெதர்லாந்தில் வீடு கைமாறுவது நோட்டாரிஸின் மேஜையில். அரசாணையால் நியமிக்கப்பட்டு 70 வயதுவரை பதவியில் இருப்பவர் அவர். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொதுவான ஆள். வில்லங்கம் பார்ப்பார், பத்திரம் எழுதுவார். வாங்குபவரின் பணத்தைத் தன் பொறுப்பிலுள்ள தனிக் கணக்கில் வாங்கி வைப்பார். கையெழுத்தானதும் கடாஸ்டர் என்னும் நிலப் பதிவகத்துக்கு அனுப்பி, பதிவு சரி என்று தெரிந்த பிறகே பணத்தை விடுவிப்பார். உயில், திருமணத்துக்கு முன் செய்யும் சொத்து ஒப்பந்தம், கம்பெனி தொடங்குவது, ஒருவர் இறந்தால் வாரிசுகள் யார் என்ற சான்று எல்லாமே அவர் வழியாகத்தான். நெப்போலியன் ஆட்சி விட்டுப்போன ஏற்பாடு இது. சாதாரண டச்சுக் குடும்பம் வாழ்க்கையில் வக்கீலைப் பார்க்காமலே இருந்துவிடும், நோட்டாரிஸைப் பார்க்காமல் இருக்காது.

இந்திய நோட்டரி வேறு ஆள். 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி நியமிக்கப்பட்ட வக்கீல். பொதுவாகப் பத்து ஆண்டுத் தொழில் அனுபவம் இருக்க வேண்டும். உங்கள் அடையாளத்தைப் பார்ப்பார், தன் முன் நீங்கள் போட்ட கையெழுத்துக்குச் சான்று தருவார், தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். வீடு யாருடையது, அதன்மேல் கடன் உண்டா, கூடப்பிறந்தவர்கள் சம்மதித்தார்களா என்பதெல்லாம் அவர் வேலையில் சேராது. வீடு கைமாறுவது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அங்கே காணி உறுதியை எழுதி முடிப்பவரே நொத்தாரிசு; டச்சுக்காரர் விட்டுப்போன சட்ட மரபின் தொடர்ச்சி. அந்த நினைப்போடு மேல்கோட்டைப் பக்கத்துப் பாண்டவபுரத்து நோட்டரியிடம் போய் "உறுதி எழுதுங்கள்" என்று கேட்காதீர்கள்.

நெதர்லாந்தில் நோட்டாரிஸ் முன் கையெழுத்திட்டால் மீதிக் காரியத்தை அவரே முடித்துவிடுவார். மேல்கோட்டை வீட்டுக்கு அதே கையெழுத்து முதல் படி மட்டுமே.

*எச்சரிக்கை:* "முத்திரைத்தாளில் நோட்டரி அக்ரிமென்ட் போட்டாச்சு, வீடு உங்களுடையது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு வீடு கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஊரில் முதலில் சேகரிக்க வேண்டியவை

நோட்டாரிஸிடம் நேரம் கேட்பதற்கு முன்பே ஊரில் இருப்பவர் இவற்றைத் திரட்டட்டும். இதைப் பின்னால் செய்தால் அதிகாரப் பத்திரத்தைத் திரும்ப எழுத நேரும்.

1. பழைய மூலப்பத்திரம். மேல்கோட்டை இன்று மண்டியா மாவட்டம், பாண்டவபுர வட்டம். மண்டியா மாவட்டம் பிறந்ததே 1939இல். அதற்கு முந்தைய பத்திரத்தில் மைசூர் மாவட்டம் என்று இருக்கும். பாண்டவபுரம் இருக்க வேண்டிய இடத்தில் "ஃப்ரெஞ்ச் ராக்ஸ்" என்ற வெள்ளைக்காரர் காலத்துப் பெயர் இருக்கலாம். வேறு ஊர்ப் பத்திரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புதிய பத்திரத்தில் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

2. வில்லங்கச் சான்று. கர்நாடகத்தில் காவேரி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மிகப் பழைய வருடங்கள் இணையத்தில் கிடைக்காது. அதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. இ-ஸ்வத்து. கிராமப் பஞ்சாயத்துக்கு உட்பட்ட வீட்டுமனைகளுக்கு இ-ஸ்வத்து படிவங்கள் வேண்டும். பேச்சில் "ஃபார்ம் நைன், ஃபார்ம் லெவன்" என்பார்கள். அவை இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தைத் தொடமாட்டார். தாத்தா பெயரிலேயே வரி ரசீது ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் அதிக நாள் பிடிப்பது இந்தப் படிதான்.

4. வம்சவிருட்சம். வாரிசுகளை மரமாகக் காட்டும் சான்று. வட்டத்தின் உட்பிரிவான ஹோப்ளி அளவில் இயங்கும் நாடகச்சேரி அலுவலகத்தில் விண்ணப்பம்.

5. கோயில் நிலமா என்ற விசாரணை. செலுவநாராயணர் கோயிலை ஒட்டிய தெருக்களில் வீடு இருந்தால் இதைத் தவிர்க்க முடியாது. கட்டடம் உங்களுடையது, மனை கோயிலுடையது என்று இருக்கலாம். பழைய இனாம் நிலமாகவும் இருக்கலாம். கோயில் அலுவலகத்திலும், கோயில்களைக் கவனிக்கும் முஜராய் இலாகாவிலும் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் நம்மாத்துதுதான்" என்ற பாட்டி வாக்கு சார்பதிவாளரிடம் செல்லாது.

வம்சவிருட்சத்தில் அத்தைகள் பெயரை விட்டுவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தமும் அதைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வந்தபின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை. "அவளுக்குக் கல்யாணத்திலேயே செஞ்சாச்சு" என்பது பத்திரம் ஆகாது. கையெழுத்துப் போட வேண்டியவர் எத்தனை பேர் என்பதை இந்தக் கட்டத்திலேயே எண்ணிவிடுங்கள். அவர்களில் வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்த பகுதி பொருந்தும்.

அதிகாரப் பத்திரம்: படிப்படியாக

வெளிநாட்டில் வசிப்பவர் தனக்காகப் பத்திரப்பதிவு செய்ய இன்னொருவரை அனுப்பினால், அந்த அதிகாரப் பத்திரத்தை யார் முன் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது: நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி. ஆக உங்களுக்கு நடைமுறையில் இரண்டு வழி: ஹேக் நகரத்து இந்தியத் தூதரகம், அல்லது உங்கள் ஊர் நோட்டாரிஸ்.

என்னைக் கேட்டால் தூதரகம்தான் முதல் தேர்வு. இந்தியப் பத்திரத்தின் நடை அவர்களுக்குப் பழக்கம். தூதரக அதிகாரியின் சான்றுக்கு மேல் அப்போஸ்டில் (படி 7 பார்க்க) தேவையில்லை. சாட்சிகளைக் கூட்டிவர வேண்டுமா, எத்தனை போட்டோ என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஹேக் போக முடியாவிட்டால், அல்லது தேதி வெகுநாள் தள்ளிக் கிடைத்தால், நோட்டாரிஸ். கீழே உள்ள படிகள் அந்த வழிக்கானவை.

படி 1. யாருக்கு அதிகாரம்? இதில் பணமும் கலந்திருக்கிறது. கர்நாடக முத்திரைச் சட்டப்படி, விற்கும் அதிகாரத்தைப் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்குக் கொடுத்தால் ஒரு கணக்கு. இந்த வட்டத்துக்கு வெளியே கொடுத்தால் கிரயப் பத்திரத்துக்கு உள்ள அதே முத்திரை வரி. சித்தப்பா எவ்வளவு நெருக்கமானாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்கள் பெயரில் எழுதுங்கள். சித்தப்பா கூடப் போய் நிற்கட்டும்.

படி 2. வாசகம். பாண்டவபுரத்திலோ மைசூரிலோ உள்ள வக்கீல் ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும். கன்னடத்தில் எழுதினால் நோட்டாரிஸுக்குப் படிக்க முடியாது. படிக்க முடியாததில் கைவைக்கத் தயங்குவார். "என் சொத்துகள் அனைத்தையும்" என்ற பொது அதிகாரம் வேண்டாம். இந்த வீடு, இந்த எல்லைகள், இந்த வேலை என்று சிறப்பு அதிகாரப் பத்திரமாக எழுதுங்கள். விற்பனை என்றால் குறைந்தபட்ச விலையைக் குறிப்பிடலாம். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.

படி 3. பெயர் ஒற்றுமை. பாஸ்போர்ட்டில் ஒரு விதம், வம்சவிருட்சத்தில் ஒரு விதம், மூலப்பத்திரத்தில் இன்னொரு விதம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அய்யங்கார் குடும்பங்களில் இந்தத் தொல்லை அதிகம்: வீட்டில் சம்பத்து, பள்ளியில் இனிஷியலோடு சம்பத்குமார், டச்சுக் குடியிருப்பு அட்டையில் அப்பா பெயரே குடும்பப் பெயர். எல்லா வடிவமும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று பத்திரத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 4. நோட்டாரிஸிடம் நேரம் கேட்பது. கட்டணம் 1999 முதல் அங்கே அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், டச்சுக்காரர்களே கேட்கிறார்கள். "கையெழுத்துக்குச் சான்று வேண்டும், ஆவணம் இந்தியச் சட்டப்படி எழுதப்பட்டது" என்று சொல்லி வரைவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

படி 5. சான்று வாசகம். அதிகம் பேர் வழுக்கும் இடம் இது. "இது இன்னாரின் கையெழுத்து" என்று மட்டும் சான்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஊரில் கேள்வி வரும். நம் சட்டம் கேட்பது, பத்திரம் அவர் முன் எழுதிக்கொடுக்கப்பட்டு அவரால் சான்றளிக்கப்பட வேண்டும் என்பது. ஆகவே இன்ன தேதியில் இன்னார் நேரில் வந்தார், இன்ன எண் பாஸ்போர்ட்டால் அடையாளம் கண்டேன், என் முன்னால் கையெழுத்திட்டார் என்று மூன்றும் ஆங்கிலத்தில் வர வேண்டும். வாசகத்தை உங்கள் வக்கீலிடம் எழுதி வாங்கி நோட்டாரிஸுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

படி 6. கையெழுத்து நாள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அசல் பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. முதல் பக்கத்தில் போட்டோ ஒட்டி அதன்மேல் பாதி படும்படி கையெழுத்து. இடது கட்டைவிரல் ரேகையும் வையுங்கள். டச்சு அலுவலகத்தில் மைப்பெட்டி இராது, கையோடு ஒன்று கொண்டுபோனால் நல்லது. நோட்டாரிஸ் வியப்பாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

படி 7. அப்போஸ்டில். நோட்டாரிஸின் கையெழுத்து உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று. நெதர்லாந்தில் இதைத் தருவது ரெக்ட்பாங்க் என்னும் மாவட்ட நீதிமன்றம். எந்த நீதிமன்றம் என்று நோட்டாரிஸ் அலுவலகமே சொல்லும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்துவிட்டதால் அதற்குமேல் தூதரக முத்திரை தேவையில்லை. அப்போஸ்டில் தாளைப் பத்திரத்திலிருந்து பிரித்து ஸ்கேன் எடுக்க வேண்டாம். பிரித்த அடையாளம் தெரிந்தாலே சந்தேகம்தான்.

படி 8. அனுப்புவது. அசலை டிராக்கிங் உள்ள கூரியரில் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துவையுங்கள்.

படி 9. முத்திரை வரி. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் கர்நாடகத்துக்கு வந்துசேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை வரி செலுத்தியாக வேண்டும். மண்டியாவில் உள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வந்த தேதிக்கு ஆதாரம் கூரியர் உறைதான். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பத்திரத்தைப் பூஜை அறையில் பத்திரமாக வைப்பவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

வைரமுடி சேவைக்கு மண்டியா கருவூலத்திலிருந்து திருவாபரணப் பெட்டி மேல்கோட்டைக்கு வரும். யார் கொடுத்தது, யார் பெற்றுக்கொண்டது என்று பொறுப்பானவர்கள் முன் சரிபார்த்த பிறகுதான் கிரீடம் பெருமாள் திருமுடிக்குப் போகும். உங்கள் பத்திரமும் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அப்படி ஒரு சுவடு விட்டுச் சென்றால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

*குறிப்பு:* பங்குனியில் வைரமுடி வரும் வாரத்தில் மேல்கோட்டையில் எந்த அலுவலக வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊர் கொள்ளாத கூட்டம். அதிகாரிகளும் உற்சவ வேலையில் இருப்பார்கள். புளியோதரை கிடைக்கும், கையெழுத்துக் கிடைக்காது.

சென்னையிலோ மைசூரிலோ இருக்கும் உடன்பிறப்பு

உங்கள் அக்கா சென்னையில் இருக்கிறார், அவராலும் மேல்கோட்டை வர முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் வசிப்பவருக்கு 33ஆம் பிரிவு வேறு வழி சொல்கிறது: அவர் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுப்பது. தெருமுனை நோட்டரியிடம் வேலையை முடித்துவிட்டு, பாண்டவபுரத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி சென்னைக்கு ஓடுவதைவிட, முதலிலேயே சார்பதிவாளரிடம் போவது நல்லது. நோய்வாய்ப்பட்டவருக்கு சார்பதிவாளர் வீட்டுக்கே வர வழி உண்டு. தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

உறுதிமொழிப் பத்திரம், நகல் சான்று போன்றவற்றுக்கு நோட்டரி போதும். போனவுடன் இவற்றைப் பாருங்கள்:

- வட்ட முத்திரை. குறுக்களவு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். அதில் நோட்டரியின் பெயர், அவர் செயல்படும் பகுதி, நியமித்த அரசின் பெயர் இருக்க வேண்டும்.
- சான்றிதழ்க் காலம் முடியவில்லையா என்று பாருங்கள்.
- பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணைக் குறித்து, அதிலும் கையெழுத்திடுங்கள். "அதெல்லாம் நாங்க போட்டுக்குவோம் சார்" என்று குமாஸ்தா சொன்னால் எழுந்து வேறு இடம் போங்கள்.
- நோட்டரி இல்லாத நேரத்தில், முன்பே முத்திரை குத்திவைத்த தாளில் உங்கள் ஆவணத்தை அச்சடித்துத் தர முன்வருவார்கள். ஐந்து நிமிடம் மிச்சம்; நாளை வழக்கு வந்தால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது.

பணம் எங்கே போகிறது?

நெதர்லாந்தில் பழகியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில். அங்கே பணத்தை நோட்டாரிஸ் காப்பார். இங்கே சார்பதிவாளர் பணத்தைத் தொடுவதே இல்லை. நோட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே காவல் வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும்.

பணம் முழுவதும் வங்கி வழியாக, உங்கள் பெயரில் உள்ள என்ஆர்ஓ கணக்குக்கு வரட்டும். அதிகாரம் பெற்றவரின் கணக்கில் "தற்காலிகமாக" வைப்பது என்ற பேச்சே வேண்டாம். அவர்மேல் நம்பிக்கை இல்லாததற்காகச் சொல்லவில்லை, நாளை அவருக்கே வருமான வரித்துறையின் நோட்டீஸ் வரும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வாங்குபவர் வரி பிடித்துக் கட்டிய பிறகுதான் மீதியைத் தர வேண்டும். இதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், பதிவு நாளில் சொன்னால் சண்டை வரும். என்ஆர்ஓ கணக்கிலிருந்து நெதர்லாந்துக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர்வரை அனுப்பலாம். அதற்கான படிவங்களை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

வீட்டோடு சேர்த்து வயலும் இருந்தால், விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். ஐந்தோவன் நண்பருக்கு எழுதிக்கொடுக்க நினைக்காதீர்கள்.

எதிர்த்திசை: ஊர்க் காகிதம் நோட்டாரிஸுக்கு

அங்கே வீடு வாங்கும்போதோ உயில் எழுதும்போதோ நோட்டாரிஸ் உங்கள் திருமணச் சான்றிதழைக் கேட்பார். நோட்டரி முன் எழுதிய "திருமண ஒப்பந்தம்" செல்லாது, இந்தியாவிலேயே செல்லாது. சார்பதிவாளரிடம் பதிந்த சான்றுதான் வேண்டும். அதை மாநில அரசின் உரிய துறையில் காட்டி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் பெறுங்கள். நோட்டாரிஸ் பேசுவது புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். உங்களுக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்வது அவர் கடமை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

உயில் பற்றி ஒரு வார்த்தை. மேல்கோட்டை வீட்டுக்குத் தனியாக ஓர் இந்திய உயில் எழுதிவைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு சாட்சிகள் போதும், நோட்டரி கட்டாயமில்லை. ஆனால் அதில் "முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வழக்கமான வரி நுழைந்துவிட்டால் நெதர்லாந்தில் நோட்டாரிஸ் எழுதிய உயிலும் அதோடு போகலாம். இரண்டு உயிலும் எந்தெந்த நாட்டுச் சொத்துக்கு என்று தனித்தனியாகச் சொல்லட்டும்.

பதிவு முடிந்த பிறகு

1. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்றை உங்களுக்காக வாங்கச் சொல்லுங்கள்.
2. பஞ்சாயத்துப் பதிவில் பெயர் மாறியதா என்று பாருங்கள். பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இதை அண்ணன் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பழைய பெயரில் வரி பாக்கி நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான்.
3. சில வாரம் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, பதிவு ஏறியிருப்பதை உறுதிசெய்யுங்கள்.
4. அதிகாரப் பத்திரத்தை எழுத்தில் ரத்து செய்து, அதிகாரம் பெற்றவருக்கும் சார்பதிவாளருக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். அக்காவே ஆனாலும் இதைச் செய்யுங்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவரிடம் முதலில் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தபால் வந்ததும் மனஸ்தாபம் வராது.